ஜவ்வரிசி மூட்டைக்குக் கியூஆர் ஒட்டும் முன் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள்

மரவள்ளி, ஜவ்வரிசிக்கு பிளாக்செயின் வழித்தடம் அமைக்கும் திட்டத்தைத் தயாரிக்கும் அதிகாரிகளுக்கு,

கருத்துக் கேட்புக்கு வைத்த வரைவைப் படித்தோம். அதன்படி பதிவு ஆலையின் பின்வாசலில் தொடங்குகிறது. 90 கிலோ மூட்டையைத் தைத்து முடித்ததும் அதற்கு ஓர் எண், ஒரு கியூஆர் குறி. அங்கிருந்து கிடங்கு, டெண்டர், லாரி, வடமாநில மொத்த வியாபாரி, கடைப் பாக்கெட் என்று ஒவ்வொரு கைமாற்றமும் பிளாக்செயின் என்ற மின்பதிவேட்டுச் சங்கிலியில் ஏறும். கிழங்கு யாருடைய காட்டிலிருந்து (வயலிலிருந்து) வந்தது, என்ன எடை, என்ன பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) என்ற இடத்தில் மட்டும் "ஆலை அளிக்கும் விவரம்" என்று ஒரே வரி. விவசாயியின் பாயிண்ட் சீட்டு "இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும்" என்று முடித்துவிட்டீர்கள்.

இந்த வரிசையை எங்களால் ஏற்க முடியாது. சேலம் மாவட்டத்தில் ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி, வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போடுகிறவர்கள், ஆலை எடைமேடையில் வேலை பார்த்தவர்கள், மென்பொருள் எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம்.

பிளாக்செயின் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதன் பலம் எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு ஹேஷ் (பதிவில் உள்ளதிலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறி), அதற்குள் முந்தைய பதிவின் ஹேஷ் என்று பின்னிப் போவதால், நடுவில் ஒன்றை மாற்றினால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் பொருந்தாமல் போய்விடும். பல பேரிடம் ஒரே பதிவேட்டின் நகல் இருப்பதால் ஒருவர் தனியாகத் திருத்திவிட முடியாது. ஆனால் எழுதியதைக் காப்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எழுதியது சரியா தப்பா என்று அதற்குத் தெரியாது. எடைமேடையில் 26 பாயிண்ட் இருந்த கிழங்கை 24 என்று எழுதிச் சங்கிலியில் ஏற்றினால், அந்த 24 காலத்துக்கும் அழியாத உண்மையாகிவிடும். இன்று சீட்டைக் காட்டியாவது சண்டை போடலாம். நாளைக்கு "கம்ப்யூட்டரில் இப்படித்தான் இருக்கிறது, யாராலும் மாற்ற முடியாது" என்பார்கள்.

ஆலைக்குப் போகும் கிழங்குக்கு எடை பாதி விலை, பாயிண்ட் பாதி விலை. பாயிண்ட் என்பது மாவுச்சத்தின் அளவு. ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று பேசி, அதைப் பாயிண்டால் பெருக்கினால் ஒரு டன்னின் விலை. கணக்குக்காகப் பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 டன் லோடில் ஒரு பாயிண்ட் இறங்கினால் 3,000 ரூபாய் போகிறது. பத்து மாதம் காத்திருந்து பிடுங்கிய கிழங்குக்கு இந்த எண்ணைத் தீர்மானிப்பது சில நிமிடத்தில் முடியும் ஒரு சோதனை.

அந்தச் சோதனையை உங்களில் எத்தனை பேர் அருகில் நின்று பார்த்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. ஆகவே விரிவாகவே எழுதுகிறோம். மாவு அதிகம் உள்ள கிழங்கு அடர்த்தி அதிகம். அதை முதலில் காற்றில் எடை போட்டு, பிறகு கூடையோடு தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போடுவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒப்படர்த்தி (தண்ணீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) தெரியும், அதிலிருந்து மாவுச்சத்து. 5 கிலோ மாதிரி, ஒப்படர்த்தி 1.12 என்றால் தண்ணீருக்குள் அது ஏறத்தாழ 536 கிராம் நிற்கும். வழக்கமான ஒப்படர்த்திக் கணக்குப்படி, தண்ணீருக்குள் சுமார் 35 கிராம் கூடினாலோ குறைந்தாலோ ஒரு பாயிண்ட் மாறிவிடும். 10 டன் லோடின் விலை அந்த 35 கிராமில் தொங்குகிறது. ஒரு கைப்பிடி வேர்க்கடலையின் எடை.

இனி, அந்த 35 கிராம் எப்படியெல்லாம் காணாமல் போகும் என்று பாருங்கள்.

தொட்டித் தண்ணீரைக் காலையில் நிரப்பி, மாலை வரை அதிலேயே வண்டி வண்டியாகச் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு மாதிரியும் கொஞ்சம் செம்மண்ணைக் கரைத்துவிட்டுப் போகிறது. 200 லிட்டர் தொட்டியில் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் அதிகமாக மண் கலங்கி நின்றாலே தண்ணீரின் அடர்த்தி 1.005-ஐத் தொடும். கலங்கிய தண்ணீர் கிழங்கை அதிகமாகத் தூக்கிப் பிடிக்கும். அதே 5 கிலோ மாதிரி 536-க்குப் பதில் 514 கிராம் அளவுதான் காட்டும். அரைப் பாயிண்டுக்கு மேல் போய்விட்டது. காலையில் வந்த வண்டிக்கும் மாலையில் வந்த வண்டிக்கும் ஒரே காட்டுக் கிழங்கு இரண்டு விலைக்குப் போவதன் காரணங்களில் இது ஒன்று. இதில் யாரும் திருடவே வேண்டியதில்லை, தண்ணீரை மாற்றாமல் இருந்தால் போதும்.

கிழங்குகளின் இடுக்கில் காற்று சிக்கும். 20 மில்லி காற்று சிக்கினால் 20 கிராம் குறையும். கூடையை இரண்டு முறை அசைத்து இறக்கினால் காற்று வெளியேறிவிடும், அவசரத்தில் அசைப்பதில்லை. கூடை தொட்டியின் அடியைத் தொட்டு நின்றாலும் எடை குறையும். வெறும் கூடையைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டுப் பூஜ்யம் வைக்காமல், காற்றில் வைத்த பூஜ்யத்தோடு இறக்கினால் அதுவும் தப்பு. மாதிரி சரியாக 5 கிலோ இருக்க வேண்டும். கிழங்கை வெட்டிச் சரிக்கட்ட சோம்பல்பட்டு 4.9 கிலோவில் நிறுத்தினால் தண்ணீருக்குள் 10, 11 கிராம் போகும். எதிர்த்திசையிலும் தப்பு நடக்கும்: கிழங்கோடு கெட்டியாக ஒட்டிய மண் கரையாமல் நின்றால் பாயிண்ட் கூடிக் காட்டும், அது ஆலைக்கு நஷ்டம். அதற்கு ஈடாகத்தான் "மண் கழிவு" என்று டன்னுக்கு இத்தனை கிலோ பிடிக்கிறார்கள். எந்த அளவுகோலில் பிடிக்கிறார்கள் என்று சீட்டில் எழுதுவதில்லை.

மாதிரி எடுக்கும் விதம் தனிக்கதை. லாரியின் மேல்தட்டில் இருப்பது கடைசியாக ஏற்றிய கிழங்கு. வெயில் பட்டதும், முறிந்ததும், சிறுத்ததும் அங்கேதான் இருக்கும். முன், நடு, பின் என்று மூன்று இடத்தில், இறக்க இறக்க மூன்று ஆழத்தில் எடுத்தால்தான் அது வண்டியின் மாதிரி. பெரும்பாலும் கைக்கெட்டிய இடத்தில் ஒரு கூடை.

கிழங்கிலேயே உண்மையான வித்தியாசம் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. ரகத்துக்கு ரகம் மாவு மாறும். முதிராமல் பிடுங்கினால் குறையும். மழைக்குப் பின் செடி புதுத் துளிர் விட்டால் கிழங்கின் மாவு இறங்கும். அதனால்தான் கருவியின் தப்பையும் கிழங்கின் தரத்தையும் பிரித்துக் காட்டும் பதிவு தேவைப்படுகிறது. இன்றைய சீட்டில் "பாயிண்ட் 24" என்று மட்டும் இருக்கும். காற்றில் எவ்வளவு, தண்ணீரில் எவ்வளவு, எத்தனை மணிக்கு, யார் முன்னால் என்று எதுவும் இருக்காது. எடைமேடைக்குச் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-ன்படி முத்திரை உண்டு, ஆண்டுக்கொரு முறை சரிபார்ப்பு உண்டு. நாங்கள் நின்று பார்த்த பாயிண்ட் கருவிகளில் அப்படி ஒரு முத்திரையும் எங்கள் கண்ணில் படவில்லை.

இன்னொன்று, நேரம். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். உள்ளே நீலக் கருப்பாக நரம்போடத் தொடங்கினால் யாரும் வாங்கமாட்டார்கள். ஆலை வாசலில் வரிசை நீண்டால் எடையும் குறையும், பேரம் பேசும் தெம்பும் குறையும். பாயிண்ட் குறைவு என்று தெரிந்தாலும் லோடைத் திருப்பிக் கொண்டுபோக வழியில்லை. திருப்பினால் லாரி வாடகை, இறக்குக் கூலி, அடுத்த ஆலையில் இன்னொரு நாள். காபிக்காகச் செய்த முறையை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். காபி வாரியம் 2019 மார்ச்சில் பிளாக்செயின் மின்சந்தையைச் சோதனை முறையில் தொடங்கியது உங்கள் வரைவில் முன்மாதிரியாக இருக்கிறது. ஏற்காட்டுத் தோட்டத்தில் பழத்தின் சதையை நீக்கி, கழுவி, 10 விழுக்காடு ஈரத்துக்கு உலர்த்திய பார்ச்மென்ட்டை (உள்தோலோடு உள்ள காபிக் கொட்டையை) மூட்டை கட்டி வைக்கலாம். சந்தேகம் வந்தால் அடுத்த மாதம்கூட அதே மூட்டையிலிருந்து மறுபடி மாதிரி எடுத்துப் பார்க்கலாம். கிழங்குக்கு அந்த வசதி கிடையாது. தொட்டியில் அளந்த அந்தக் கணத்தைத் தவறவிட்டால், மறுபடி அளக்கக் கிழங்கே இருக்காது, அரைத்து மாவாகியிருக்கும்.

வரைவின் முன்பக்கத்தில் வால்மார்ட் மாம்பழக் கதையையும் பார்த்தோம். பாக்கெட் மாம்பழம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஏறக்குறைய ஏழு நாள் ஆனதை 2.2 விநாடியாகக் குறைத்தார்கள் என்பது உண்மைதான். அது நோய்க்கிருமி பரவினால் பழத்தைச் சந்தையிலிருந்து எடுப்பதற்கான வேகம். தோட்டக்காரருக்குச் சரியாக எடை போட்டார்களா என்ற கேள்வியை அந்தச் சோதனை கேட்கவே இல்லை. சேலத்துக்கு அந்தக் கேள்விதான் முதல் கேள்வி.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எங்களுக்கு மட்டும் லாபமான கோரிக்கை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைக் கெடுப்பது மக்காச்சோள மாவுக் கலப்படம். உங்கள் கியூஆர் குறியால் அதைப் பிடிக்க முடியாது. கலப்படம் மூட்டை தைப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கலந்த மூட்டைக்கும் சுத்தமான மூட்டைக்கும் ஒரே மாதிரிக் குறிதான் ஒட்டுவீர்கள். ஆனால் கிழங்கின் எடையும் பாயிண்டும் நேர்மையாகச் சங்கிலியில் ஏறியிருந்தால், கணக்கே கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஓர் உதாரணம். 100 டன் கிழங்கு, 28 பாயிண்ட். உள்ளே இருக்கும் மாவு 28 டன். அரைத்து, சலித்து, படிய வைத்து எடுக்கும்போது திப்பியோடும் (சக்கையோடும்) கழிவு நீரோடும் ஒரு பங்கு போகும். 80 விழுக்காடு மீண்டது என்று வைத்தால் 22.4 டன். ஜவ்வரிசியில் 12 விழுக்காடு ஈரம் என்று எடுத்தால் சுமார் 25 டன்னும் கொஞ்சமும், அதாவது 283 மூட்டை. இதே ஆலை 350 மூட்டை வெளியே அனுப்பியிருந்தால் அந்த 67 மூட்டை மாவு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம்.

இப்போது இதையே மறுபக்கத்திலிருந்து பாருங்கள். அதே கிழங்குக்கு ஆலை 24 பாயிண்ட் என்று சீட்டு எழுதியிருந்தால் கணக்குப்படி 242 மூட்டைதான் வர வேண்டும். உண்மையில் வருவது 283. கலப்படமே செய்யாத ஆலைகூட, பாயிண்டைக் குறைத்து எழுதினால், 41 மூட்டை கலப்படம் செய்தது போலப் பதிவேட்டில் தெரியும். அந்த 41 மூட்டைக்கு ஆலைக்காரர் பதில் சொல்ல வேண்டும்: ஒன்று மக்காச்சோளம் கலந்தேன் என்று, இல்லையென்றால் பாயிண்டைக் குறைத்தேன் என்று. கிழங்கு விவசாயியின் பங்கையும் ஜவ்வரிசியின் பெயரையும் ஒரே பூட்டால் பூட்டலாம். அந்தப் பூட்டுக்கான சாவியைத்தான் நீங்கள் இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளியிருக்கிறீர்கள்.

நேர்மையாக நடத்தும் ஆலைக்காரர்கள் இங்கே நிறைய உண்டு. மலிவு மாவு கலக்கிறவர் குறைந்த விலைக்கு விற்பதால் முதலில் அடி வாங்குவது அவர்கள்தான். இந்தக் கணக்கை அவர்களும் விரும்புவார்கள் என்று நம்புகிறோம்.

இந்தச் சரக்குக் கணக்கைப் போடும்போது சறுக்கும் இடங்களும் உண்டு. தினசரி போட்டால் எப்போதும் தப்பாகவே வரும். சீசனில் வாங்கிய கிழங்கை மாவாக்கித் தொட்டியில் மாதக்கணக்கில் வைத்திருந்து பிறகு ஜவ்வரிசி போடுவார்கள். ஒரு ஆலை ஈரமாவை இன்னொரு ஆலைக்கு விற்கும். ஆகவே கணக்கு பருவத்துக்கு ஒருமுறை, ஈரமாவு இருப்பையும் மாவு விற்பனையையும் சேர்த்துப் போடப்பட வேண்டும். பழைய அரவை இயந்திரத்தில் திப்பியோடு அதிக மாவு போகும், புதியதில் குறையும். எனவே எல்லா ஆலைக்கும் 80 விழுக்காடு என்று ஒரே எண்ணைத் திணிக்காதீர்கள். முதல் பருவத்தில் ஒவ்வோர் ஆலைக்கும் அளந்து பார்த்து ஒரு வரம்பு வையுங்கள். வரம்பைத் தாண்டியதும் தண்டனை என்று போகாமல் ஆய்வு என்று வையுங்கள்.

அடுத்து, யார் எழுதுவது. உங்கள் வரைவில் விவசாயியின் விவரத்தை வியாபாரியின் கைபேசிச் செயலி வழியாக ஏற்றலாம் என்று இருக்கிறது. இது வேண்டவே வேண்டாம். நான்கைந்து காட்டுக் கிழங்கை ஒரே லாரியில் ஏற்றி, ஒரே பாயிண்ட் வாங்கி, எல்லோருக்கும் அதையே பிரித்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. 29 வரக்கூடிய கிழங்கும் 23 வரக்கூடிய கிழங்கும் 26-ல் கரைந்துவிடும். நல்ல ரகம் போட்டு, சரியான நாளில் பிடுங்கியவருக்கு அதில் ஒரு பைசா மரியாதை இல்லை. காட்டிலேயே, ஏற்றும் முன், ஒவ்வொருவரின் லாட்டுக்கும் தனி எண்ணும் தனி மாதிரிக் கூடையும் வேண்டும். கலந்த பிறகு பிரிக்க எந்தத் தொழில்நுட்பத்தாலும் ஆகாது.

ஓடிபி வைத்து உறுதிசெய்வோம் என்கிறீர்கள். பல குடும்பங்களில் பதிவான எண் வியாபாரியின் எண், அல்லது வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் எண். ஓடிபி அங்கே போகும். விவசாயிக்குத் தனி அட்டை கொடுங்கள். எடைமேடையில் அதைத் தட்டினால் அவர் கணக்கு திறக்கட்டும். வாசிப்பைத் தமிழில் உரக்கச் சொல்லட்டும். ஏற்றால் ஒரு பொத்தான், மறுத்தால் ஒரு பொத்தான். ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் போன்ற, அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேரக்கூடிய பிளாக்செயினில், இரு தரப்பும் ஒப்பமிட்டால்தான் பதிவு செல்லும் என்று விதியே வைக்கலாம். அந்த விதியை வையுங்கள். 24 மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும் என்ற வரியை நீக்குங்கள். பதில் வராத பதிவு நிலுவையில்தான் நிற்க வேண்டும்.

எண்ணைக் கையால் தட்டச்சு செய்ய எங்கெல்லாம் இடம் விடுகிறீர்களோ அங்கெல்லாம் பொய் நுழையும். தராசின் லோடுசெல் (எடையை மின்குறியாக மாற்றும் உணரி) வாசிப்பு நேராகப் பதிவேட்டுக்குப் போக வேண்டும், கருவியின் சொந்த மின்னொப்பத்தோடு. கல்வராயன் மலையிலும் பச்சமலையிலும் சிக்னல் விட்டுவிட்டு வரும். அங்கே கருவி வாசிப்பைத் தன்னுள் நேரக்குறியோடு வைத்திருந்து, சிக்னல் வந்ததும் அனுப்ப வேண்டும். தாமதமாக வந்த பதிவு தாமதமாக வந்தது என்றே தெரிய வேண்டும். தப்பாக ஏறிவிட்டால் அழிக்க முடியாதல்லவா, அதற்குத் திருத்தப் பதிவு என்று ஒன்று வேண்டும்: பழையதும் தெரியும், புதியதும் தெரியும், யார் எதற்காகத் திருத்தினார் என்பதும் தெரியும். வங்கிக் கணக்கில் தப்பான வரவை எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்வது போல.

பட்டா, சிட்டா இருந்தால்தான் பதிவு என்ற நிபந்தனையும் கவலை தருகிறது. குத்தகைக்குக் காடு பிடித்துக் கிழங்கு போடுகிறவர்களிடம் அடங்கல் இருக்காது, எழுதாத ஒப்பந்தம்தான் இருக்கும். மலையில் வன உரிமைச் சட்டப்படி உரிமைச் சான்று பெற்றவர்கள் இருக்கிறார்கள், சான்றுக்காகக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களை வெளியே நிறுத்தினால் அவர்கள் கிழங்கு வேறொருவர் பெயரில் ஏறும். அப்போது சங்கிலியின் முதல் கண்ணியே பொய்ப் பெயர். ஆதார் எண்ணையும் கைபேசி எண்ணையும் வங்கிக் கணக்கையும் சங்கிலிக்குள் எழுதவே கூடாது; அழிக்க முடியாத இடத்தில் அழிக்க வேண்டிய தகவலை வைத்தால் பிறகு எதுவும் செய்ய இயலாது. அவற்றைத் தனியாகப் பூட்டி வைத்து, சங்கிலியில் குறியீட்டு எண் மட்டும் இருக்கட்டும்.

நோடுகளை, அதாவது பதிவேட்டின் நகலை வைத்திருக்கும் கணினிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வரைவின்படி எல்லா நோடும் ஒரே அலுவலகத்தின் கையில். ஒருவரே வைத்திருக்கும் பதிவேட்டுக்கு பிளாக்செயின் எதற்கு? சாதாரண டேட்டாபேஸ் போதும், செலவும் குறைவு. கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து நடத்திய டிரேட்லென்ஸ் என்ற சரக்குக் கப்பல் பிளாக்செயின், எத்தனையோ பணமும் ஆளும் இருந்தும், துறை முழுவதும் ஒத்துழைக்காததால் மூடப்படுவதாக 2022-ல் அறிவித்தார்கள். போட்டியாளர் கையில் இருக்கும் பதிவேட்டில் மற்றவர் நம்பி எழுதமாட்டார். இங்கேயும் அதுதான் நடக்கும். தமிழ்நாடு அரசு 2020-லேயே பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது, நம்பிக்கை இணையம் என்ற பிளாக்செயின் கட்டமைப்பும் மாநிலத்திடம் இருக்கிறது. ஆகவே அடித்தளத்துக்குப் புதிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை. அந்தப் பணம் தொட்டிக்கும் தராசுக்கும் போகட்டும்.

நாங்கள் கேட்பவை இவை.

வரைவின் முதல் கட்டத்தையும் இரண்டாம் கட்டத்தையும் இடம் மாற்றுங்கள். மூட்டைக்குக் குறி ஒட்டுவது பிறகு வரட்டும். முதலில் கிழங்கு லாட்டின் பதிவு: காட்டின் இருப்பிடம், ரகம், நட்ட மாதம், பிடுங்கிய நேரம், ஆலை வாசலுக்கு வந்த நேரம், வண்டியோடு எடை, காலி வண்டி எடை, மண் கழிவு எவ்வளவு, மாதிரியின் காற்று எடை, தண்ணீர் எடை, பாயிண்ட், பாயிண்டுக்குப் பேசிய விலை, பணம் தர வேண்டிய தேதி. இதில் ஒன்று விடுபட்டாலும் பதிவு செல்லாது என்று வையுங்கள். கடைசியில் சொன்ன தேதி முக்கியம். அந்தத் தேதி தாண்டிய பாக்கி யார் யாருடையது என்பது தானாகத் தெரிய வேண்டும்.

பாயிண்ட் கருவியை எடையளவு முத்திரைக்குள் கொண்டுவாருங்கள். தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவினர் ஆலைதோறும் ஒரு சோதனைக் கட்டை கொடுக்கட்டும்: 5 கிலோ எடை, கிழங்கை ஒத்த ஒப்படர்த்தி, சீல் வைத்தது. சுத்தமான தண்ணீரில் அது எத்தனை கிராம் காட்ட வேண்டும் என்று அதன் மேலேயே பொறித்திருக்கட்டும். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, சந்தேகம் வரும்போதெல்லாம் ஒருமுறை அதைத் தொட்டியில் இறக்கினால் தராசின் தப்பும் தண்ணீரின் கலங்கலும் சேர்ந்தே வெளிப்படும். 5 கிராமுக்கு மேல் விலகினால் தண்ணீரை மாற்றும் வரை அந்தக் கருவியிலிருந்து பதிவு ஏறக்கூடாது. இந்தக் கோரிக்கையில் பிளாக்செயினே இல்லை. ஆனால் மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கும்.

மறுசோதனை உரிமையை எழுத்தில் தாருங்கள். விவசாயி மறுப்புப் பொத்தானை அழுத்தினால் ஒரு மணி நேரத்துக்குள், வண்டியின் வேறு இடத்திலிருந்து எடுத்த மூன்று மாதிரியில், பொதுக் கருவியில் சோதனை. அதிலும் தீராவிட்டால் 500 கிராம் கிழங்கைச் சீவி, இரு தரப்பும் முன்னிலையில் எடை எழுதி, சீலிட்ட பையில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பலாம். பச்சை எடை முன்பே பதிவாகிவிட்டதால், அங்கே 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி உலர்பொருளைக் கணக்கிடலாம். வழியில் ஈரம் வற்றி எடை குறையும் என்ற கவலை இல்லை. முடிவு வரும் வரை லோடு நிற்க வேண்டியதும் இல்லை. இறக்கிக்கொள்ளட்டும், வித்தியாசப் பணத்தைப் பிறகு தரட்டும்.

நோடுகளில் குறைந்தது ஒன்று உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடமும், ஒன்று ஆலைக்காரர் தரப்பிடமும், ஒன்று ஆராய்ச்சி நிலையத்திடமும் இருக்கட்டும். உங்கள் ஒப்பம் மட்டும் போதும் என்ற விதி எந்தப் பதிவுக்கும் இருக்கக் கூடாது.

குத்தகைதாரரையும் மலைவாழ் விவசாயியையும் ஊராட்சி அளவில் சாட்சி வைத்துப் பதிவுசெய்யும் வழியைத் திட்டம் தொடங்கும் முன்பே அறிவியுங்கள்.

இந்தப் பருவத்திலேயே ஐந்து ஆலைகளில், ஆத்தூர்ப் பக்கம் மூன்று, மலையடிவாரத்தில் இரண்டு என்று, தொட்டியிலிருந்து தொடங்கிச் சோதித்துப் பாருங்கள். அந்தச் சோதனையில் ஒவ்வொரு நாளும் தண்ணீர் எத்தனை முறை மாற்றப்பட்டது, சோதனைக் கட்டை எத்தனை முறை விலகியது, எத்தனை விவசாயிகள் மறுப்பை அழுத்தினார்கள், மறுசோதனையில் பாயிண்ட் எவ்வளவு மாறியது என்ற எண்களைத் தமிழில் வெளியிடுங்கள். வரைவைத் திருத்தி மறுபடி கருத்துக் கேட்புக்கு வையுங்கள். அடுத்த கூட்டத்தை மாவட்டத் தலைநகரில் வைக்காமல், கிழங்கு இறங்கும் நேரத்தில் ஓர் எடைமேடையில் வையுங்கள். நாங்கள் கூடையோடு வருகிறோம்.

சேலம் மாவட்ட மரவள்ளி விவசாயிகளும் எடைமேடைத் தொழிலாளர்களும்